ஷிராஸாக நடித்த மனிதர்: ஹிமான்சு ராய் (1892 – 1940)

தாஜ்மஹாலைப் பற்றிக் கட்டுரை வராத பாடசாலைச் சஞ்சிகை குறைவு. நானும் முதலில் அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். உயர்தர வகுப்பில் இஸ்லாமிய நாகரிகம் எனது பாடங்களுள் ஒன்று. முகலாயர் கட்டடக்கலை பற்றிய ஒப்படைக்காகப் படங்கள் தேடிக்கொண்டிருந்தபோது, தாஜ்மஹால் உருவான கதையைச் சொல்லும் ஒரு பழைய மௌனப் படம் இருப்பதாக அறிந்தேன். படத்தின் பெயர் ‘ஷிராஸ்’. 1928 ஆம் ஆண்டு வெளிவந்தது. கட்டடத்தைப் பார்க்கலாம் என்றுதான் படத்தைத் திறந்தேன். பார்த்து முடித்தபோது கட்டடத்தை விட்டுவிட்டு, அதில் நடித்த ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தேடத் தொடங்கியிருந்தேன். அதற்குக் காரணம் என் தம்பி.

எங்கள் வீடு கிளிநொச்சியில் இருக்கிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் நான் தவணை விடுமுறைக்குத்தான் வீட்டுக்குப் போவேன். 1990 இல் எங்கள் குடும்பம் ஊரை விட்டு வெளியேறிப் புத்தளத்தில் நீண்ட காலம் இருந்தது. யுத்தம் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தோம். வாப்பா பஸாரில் ஒரு சிறிய கடை வைத்திருக்கிறார். வீட்டில் உம்மா, உம்மம்மா, நானா, நான், தம்பி. தம்பிக்கு வயது பதினொன்று. பிறவியிலேயே அவனுக்குக் காது கேட்காது. எங்களுக்குள் நாங்களே உண்டாக்கிக் கொண்ட சைகைகளால்தான் அவனோடு பேசுவோம். வாப்பாவுக்குத் தாடியைத் தடவிக் காட்ட வேண்டும். எனக்கு, கண்ணாடி போடுவது போல.

இரவில் எல்லோரும் தொலைக்காட்சி பார்க்கும்போது அவனும் வந்து உட்காருவான். நாங்கள் சிரிப்போம். அவன் திரையைப் பார்க்காமல் எங்கள் முகங்களைப் பார்ப்பான். என்ன என்று கையால் கேட்பான். பிறகு சொல்கிறேன் என்று நானும் கையால் காட்டுவேன். அந்தப் பிறகு பெரும்பாலும் வருவதில்லை. அதற்குள் அடுத்த காட்சி வந்துவிடும். சிறிது நேரத்தில் அவன் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவான். அவனுக்கு இதிலெல்லாம் ஆர்வம் இல்லை என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

அன்று மாலை நானாவின் மடிக்கணினியில் நான் ‘ஷிராஸ்’ பார்த்துக்கொண்டிருந்தபோதும் வழக்கம் போல அருகில் வந்து உட்கார்ந்தான். எனக்கு உண்மையில் சலிப்பாக இருந்தது. கறுப்பு வெள்ளைப் படம். யாரும் பேசுவதில்லை. வாய் அசைகிறது, சத்தம் வருவதில்லை. இடையிடையே ஆங்கிலத்தில் எழுத்துகள் வருகின்றன. கூடவே ஓர் இசை. சண்டையும் பாட்டும் நிறைந்த இன்றைய படங்களுக்குப் பழகிய கண்ணுக்கு, ஒரு முகத்தையே இவ்வளவு நேரம் காட்டிக்கொண்டிருப்பது விசித்திரமாகத் தெரிந்தது. ஆனால் தம்பி அசையாமல் இருந்தான்.

கதை இதுதான். பாலைவனத்தில் செல்லும் ஒரு பயணக் கூட்டத்தைக் கொள்ளையர் தாக்குகிறார்கள். அரச குலத்துப் பெண் குழந்தை ஒன்று மட்டும் உயிர் தப்புகிறது. ஏழைக் குயவர் ஒருவர் அதை எடுத்துச் சென்று, ஸெலிமா என்று பெயரிட்டுத் தன் மகன் ஷிராஸோடு சேர்த்து வளர்க்கிறார். இருவரும் பெரியவர்களாகிறார்கள். ஷிராஸின் மனத்தில் அவள் மீது அன்பு வளர்கிறது. ஒரு நாள் அடிமை வியாபாரிகள் அவளைக் கவர்ந்து செல்கிறார்கள். சந்தையில் அவள் விற்கப்பட்டு, இளவரசர் குர்ரமின் அரண்மனைக்குப் போய்ச் சேருகிறாள். ஷிராஸ் அவளைத் தேடி ஆக்ரா வரை நடக்கிறான். அரண்மனைக்குள் டாலியா என்ற பெண் செய்யும் சூழ்ச்சியில் அவன் அகப்படுகிறான். யானையின் காலில் மிதிபட்டுச் சாக வேண்டும் என்று அவனுக்குத் தண்டனை விதிக்கப்படுகிறது.

அந்தக் காட்சியில் ஷிராஸைக் கட்டித் தரையில் கிடத்தியிருக்கிறார்கள். யானை கால் தூக்குகிறது. யானை வயலுக்குள் வந்துவிட்டால் என்ன நடக்கும் என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தம்பி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.

உண்மை வெளியாகி ஷிராஸ் தப்புகிறான். ஸெலிமா இளவரசரை மணந்து மும்தாஸ் மஹால் ஆகிறாள். ஆண்டுகள் ஓடுகின்றன. மும்தாஸ் இறந்துபோக, அவருக்கு ஒப்பற்ற நினைவிடம் எழுப்ப மன்னர் விரும்புகிறார். பலரும் மாதிரி அமைப்புகளைக் கொண்டுவருகிறார்கள். முதியவனாகிவிட்ட ஷிராஸ் செய்த மாதிரியே தெரிவாகிறது. இப்படியொன்றை அவன் இனி வேறு யாருக்கும் செய்யக் கூடாது என்பதற்காக அவன் கண்களைப் பறிக்கும்படி மன்னர் கட்டளையிடுகிறார். அப்போதுதான், அவன் ஏற்கெனவே பார்வை இழந்தவன் என்பது தெரியவருகிறது.

இது வரலாறு அல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். மும்தாஸ் மஹாலின் இயற்பெயர் அர்ஜுமந்த் பானு பேகம். அவர் ஆசிப் கானின் மகள், நூர்ஜஹானின் சகோதரர் மகள். குயவர் வீட்டில் வளர்ந்தவர் அல்லர். 1612 இல் குர்ரமை, அதாவது பின்னாளில் ஷாஜஹானாகிய இளவரசரை மணந்தார். 1631 இல் புர்ஹான்பூரில், தமது பதினான்காவது பிள்ளையைப் பெற்றெடுத்த வேளையில் வபாத்தானார். தாஜ்மஹாலின் பிரதான கட்டடக் கலைஞர் உஸ்தாத் அஹ்மத் லாஹோரி என்பதே அறிஞர் பலரின் முடிவு. கலைஞரின் கண்ணையோ கையையோ பறித்ததாகச் சொல்லப்படும் கதைகளுக்குச் சான்று இல்லை. பரீட்சையில் ஷிராஸின் பெயரை யாரும் எழுதிவிட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் குடும்பத்தோடு பார்க்கத் தயங்கும் ஓரிரு காட்சிகளும் படத்தில் உண்டு. அவற்றைக் கடத்திவிட்டே நான் பார்த்தேன்.

படத்தின் நடுப்பகுதியில் ஒரு விடயத்தைக் கவனித்தேன். நான் எழுத்து எப்போது வரும் என்று காத்திருந்து, வாசித்து, அதைச் சைகையாக மாற்றித் தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவனோ நான் சொல்லும் முன்பே தலையாட்டினான். டாலியா சிரித்துக்கொண்டு நின்றபோதே, இவள் கெட்டவள் என்று காட்டினான். எனக்கு அது பல நிமிடங்கள் கழித்துத்தான் புரிந்தது. ஷிராஸுக்கு அவள் மேல் இருப்பது அண்ணன் தங்கைப் பாசம் மட்டுமல்ல என்பதையும் அவனே எனக்குச் சொன்னான். நான் இசையை நிறுத்திவிட்டேன். மீதிப் படத்தை அவன் பார்ப்பது போலவே சத்தம் இல்லாமல் பார்த்தேன். அன்றுதான் எங்கள் வீட்டில் தம்பி எனக்கு ஒரு படத்தை விளக்கினான்.

முடிந்ததும் அவன் ஒரு கேள்வி கேட்டான். அந்த மனிதருக்கு உண்மையிலேயே கண் தெரியாதா? இப்போது எங்கே இருக்கிறார்? எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு சொல்கிறேன் என்றேன். வழக்கம் போல் அவன் எழுந்து போனான். இந்த முறை அந்தப் பிறகை வரவைக்க வேண்டும் என்று தோன்றியது. தேடி வாசித்து அவனுக்குச் சொன்னவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஷிராஸாக நடித்தவர் ஹிமான்சு ராய். அந்தப் படத்தைத் தயாரித்தவரும் அவரே. 1892 இல் ஒடிசாவின் கட்டாக் நகரில் வசதியான வங்காளக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். சில ஆண்டுகள் சாந்திநிகேதனில் படித்தார். கல்கத்தாவில் சட்டம் பயின்று, பாரிஸ்டர் ஆவதற்காக லண்டன் சென்றார். அந்தக் காலத்தில் ஒரு குடும்பம் மகனை லண்டனுக்கு அனுப்புவது அவன் கறுப்பு அங்கி அணிந்து திரும்பி வருவதற்காகத்தான். ஆனால் அவருடைய மனம் நாடக மேடையில் போய் நின்றது. லண்டனில் நிரஞ்சன் பால் என்ற எழுத்தாளரின் நட்புக் கிடைத்தது. அவர் சுதந்திரப் போராட்டத் தலைவர்களுள் ஒருவரான பிபின் சந்திர பாலின் மகன். நிரஞ்சன் பால் நாடகம் எழுத, ஹிமான்சு ராய் இந்திய நடிகர்களைச் சேர்த்து அதை லண்டன் மேடையில் நடித்தார்.

அப்போது ஐரோப்பியப் படங்களில் கீழைத்தேயம் என்றால் பாம்பாட்டியும் மாயவித்தைக்காரனும்தான். வெள்ளையர்களே முகத்தில் மை பூசிக்கொண்டு நம்மவராக நடித்தார்கள். நம் நாடுகளின் கதைகளை, நம் மண்ணில், நம் மனிதர்களே நடித்துக் காட்ட வேண்டும் என்பது ராயின் எண்ணம். அதற்குப் பணமும் இல்லை, கருவிகளும் இல்லை. 1924 இல் அவர் ஜேர்மனியின் மியூனிக் நகருக்குச் சென்று எமெல்கா என்ற படக் கம்பனியோடு பேசினார். இயக்குநரையும் ஒளிப்பதிவாளர்களையும் கருவிகளையும் அவர்கள் தர வேண்டும். நடிகர்களையும் இடங்களையும் பணத்தையும் இந்தியாவில் தாம் தேடித் தருவதாக ஒப்புக்கொண்டார். படத்துறையில் பெரிய அனுபவம் எதுவும் இல்லாத ஒருவர் அந்நிய நாட்டில் போய் இப்படிக் கேட்டதும், அவர்கள் சம்மதித்ததும் எனக்கு இன்றும் வியப்பு.

அப்படி உருவான முதற் படம் புத்தரின் வாழ்வைச் சொல்லும் ‘ஆசிய ஜோதி’. 1925 இல் வெளிவந்தது. ஜேர்மானியரான பிரான்ஸ் ஒஸ்டன் இயக்கினார். புத்தராக நடித்தவர் ராய். லண்டனில் அது பத்து மாதங்கள் ஓடியது. வின்ட்சர் மாளிகையில் பிரித்தானிய அரச குடும்பத்தினரும் பார்த்தார்கள். அடுத்தது ‘ஷிராஸ்’. நிரஞ்சன் பாலின் கதை, ஒஸ்டனின் இயக்கம். இந்தியாவிலேயே உண்மையான கோட்டைகளிலும் மணல்வெளிகளிலும் படம் பிடித்தார்கள். ஜெய்ப்பூர் அரசர் உதவி செய்தார். ஸெலிமாவாக நடித்த ஏனாக்ஷி ராமராவ் பின்னாளில் இந்திய நடனக் கலை பற்றி நூல் எழுதியவர். மூன்றாவது படம் 1929 இல் வந்த ‘பகடை வீச்சு’. அதில் ராய் வில்லனாக நடித்தார். புத்தராகவும், ஏழைக் குயவனாகவும், சூதாடும் அரசனாகவும் ஒரே முகத்தை மாற்றிக் காட்டியிருக்கிறார். குரல் எதுவும் உதவிக்கு இல்லை.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழும். நூறு ஆண்டுக்கு முந்தைய படம் எப்படி இன்றைக்கும் இவ்வளவு தெளிவாக இருக்கிறது? இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மௌனப் படங்கள் எடுக்கப்பட்டன. எஞ்சியவை மிகச் சிலவே. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமாகிய ‘கீசக வதம்’ கூட இன்று இல்லை. சென்னையில் அதை எடுத்த நடராஜ முதலியாரின் உழைப்பில் நாம் பார்ப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ‘ஷிராஸ்’ தப்பியதற்குக் காரணம், அதைத் தயாரித்ததில் பிரித்தானியக் கம்பனி ஒன்றுக்கும் பங்கு இருந்தமையால் அதன் மூலச் சுருள் அங்கே பாதுகாக்கப்பட்டதுதான். 2017 இல் பிரித்தானியத் திரைப்படக் கழகம் அதைச் சுத்தம் செய்து புதுப்பித்தது. சித்தார் கலைஞர் அனுஷ்கா சங்கர் புதிதாக இசையமைத்தார்.

இதைச் சொன்னபோது உம்மம்மாவுக்குத் தன் கலியாணப் படம் நினைவுக்கு வந்தது. 1990 இல் வெளியேறியபோது வீட்டில் இருந்த படங்கள் எதையும் எடுக்க முடியவில்லை. புத்தளத்தில் இருந்த உறவினர் ஒருவரிடம் முன்னரே கொடுத்திருந்த ஒரு பிரதி மட்டுமே மிஞ்சியது. அதைத்தான் இன்று சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம்.

1929 இல் ராய், தேவிகா ராணியை மணந்தார். அவர் விசாகப்பட்டினத்தில் பிறந்தவர். தாகூரின் உறவினர். லண்டனில் படித்துத் துணி வடிவமைப்பில் பயிற்சி பெற்றவர். இருவரும் ஜேர்மனி சென்று அங்குள்ள பெரிய ஸ்டூடியோவில் தொழில் கற்றார்கள். அதற்குள் உலகம் மாறிவிட்டது. படங்கள் பேசத் தொடங்கின. 1931 இல் இந்தியாவின் முதற் பேசும் படம் ‘ஆலம் ஆரா’ வந்தது. அதே ஆண்டில் தமிழ் பேசிய ‘காளிதாஸ்’ வந்தது. மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்று பார்த்தார்கள். மௌனப் படம் பழைய காலத்துப் பொருளாயிற்று.

நான் வாசித்த எல்லா இடங்களிலும் இது ஒரு முன்னேற்றமாகவே சொல்லப்பட்டிருக்கிறது. உண்மைதான். ஆனால் தம்பிக்கு இதைச் சொல்ல வேண்டி வந்தபோது என் கை நின்றுவிட்டது. அதுவரை திரைக்கு முன்னால் காது கேட்பவரும் கேளாதவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஒரே படத்தைப் பார்த்தார்கள். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் வாசித்துச் சொன்னார். படம் பேசத் தொடங்கிய நாளில் காது கேளாதவர்களுக்கு அந்தக் கதவு மூடப்பட்டது. அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டிலும் நாங்கள் கவலைப்படவில்லையே.

ராயும் காலத்தோடு போனார். 1933 இல் ‘கர்மா’ என்ற பேசும் படத்தை ஆங்கிலத்திலும் ஹிந்தியிலும் எடுத்தார். 1934 இல் பம்பாயின் மலாட் பகுதியில் பம்பாய் டாக்கீஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஜேர்மனியிலிருந்து ஒஸ்டனும் ஒளிப்பதிவாளர் ஜோசப் வேர்ஷிங்கும் வந்து சேர்ந்தார்கள். 1936 இல் வெளிவந்த ‘அச்சூத் கன்யா’, தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கப்பட்ட பெண்ணுக்கும் பிராமண இளைஞனுக்கும் இடையிலான நேசத்தைச் சொன்னது. அந்தக் காலத்தில் அதற்குத் துணிவு வேண்டும்.

ராயிடம் எனக்கு மிகவும் பிடித்தது, மற்றவர் காணாத திறமையை அவர் கண்டுபிடித்த விதம். ஆய்வுகூடத்தில் படச்சுருள் கழுவிக்கொண்டிருந்த உதவியாளர் ஒருவரைக் கதாநாயகன் ஆக்கினார். அவர்தான் அசோக் குமார். பார்சிக் குடும்பத்துப் பெண்ணாகிய குர்ஷித் என்பவரை இசையமைப்பாளர் ஆக்கினார். ஒரு பெண் படத்துக்கு இசையமைப்பதை அவருடைய சமூகத்தவர்கள் எதிர்த்தபோது, சரஸ்வதி தேவி என்ற புதுப் பெயரில் அவரைத் தொடர்ந்து பணியாற்றச் செய்தார். பெயரை மறைத்துக்கொண்டுதான் ஒரு பெண் தன் கலையைச் செய்ய வேண்டியிருந்தது என்பது வருத்தம். ஆனாலும் அந்தப் பெண் நிறுத்தவில்லை.

1939 இல் இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. பிரித்தானிய அரசு ஜேர்மானியர்களைக் கைது செய்து தடுத்து வைத்தது. பத்தாண்டுக்கும் மேலாகக் கூட இருந்தவர்கள் ஒரே நாளில் எதிரி நாட்டவர் ஆனார்கள். ஸ்டூடியோவின் முழுச் சுமையும் ராயின் தோளில் விழுந்தது. உடலும் மனமும் தளர்ந்து 1940 மே மாதத்தில் அவர் காலமானார். ஐம்பது வயதைக்கூட எட்டவில்லை.

அவர் நட்டது அவருக்குப் பின்னர்தான் காய்த்தது. தேவிகா ராணி நிறுவனத்தைப் பொறுப்பேற்று நடத்தினார். யூசுப் கான் என்ற இளைஞரை அங்கே 1944 இல் திலீப் குமார் என்ற பெயரில் அறிமுகம் செய்தவர் அவர்தான். 1942 இல் அந்த நிறுவனத்தின் ‘பசந்த்’ படத்தில் ஒரு சிறுமி நடித்தாள். பிறகு மதுபாலா என்று புகழ் பெற்ற அந்தச் சிறுமியின் இயற்பெயர் மும்தாஸ். ராய் அவர்களில் யாரையும் பார்க்கவில்லை. ஒஸ்டன் நாடு திரும்பினார். வேர்ஷிங் யுத்தம் முடியும் வரை தடுப்பு முகாமில் இருந்து, விடுதலையான பின் இந்தியாவிலேயே தங்கி, கடைசி வரை ஒளிப்பதிவாளராக வேலை செய்தார்.

இவ்வளவையும் தம்பிக்குச் சைகையால் சொல்ல மூன்று நாள் பிடித்தது. பாரிஸ்டர் என்பதற்கு அங்கி போடுவது போலக் காட்டினேன். மௌலவி என்று நினைத்துக்கொண்டான். பம்பாய்க்கு என்ன சைகை என்று தெரியாமல் கப்பல் வரைந்தேன். அவருக்குக் கண் நன்றாகத் தெரியும், நடித்தார் என்று சொன்னபோது நம்பவே மாட்டேன் என்றான். மௌத்தாகிப் பல காலம் ஆயிற்று என்றபோது சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு எழுந்து, உம்மம்மாவின் முன்னால் போய் நின்று, ஷிராஸின் கதையை ஆரம்பத்திலிருந்து நடித்துக் காட்டினான். கொள்ளையர், குயவர், சந்தை, யானை எல்லாம் வந்தன. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, கையால் தடவித் தடவி, இல்லாத ஒரு கட்டடத்தைத் தரையில் எழுப்பினான். அவனுடைய சைகைகள் எனக்கு விளங்குவதில்லை என்று எப்போதும் சொல்லும் உம்மம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். படம் என்றாலே விரும்பாத வாப்பாவும், கடையிலிருந்து வந்தவர், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று முடியும் வரை பார்த்தார்.

சகோதரிகளே, பழைய படம் ஒன்றைத் தேடிப் பாருங்கள் என்று சொல்வதற்காக மட்டும் இதை நான் எழுதவில்லை. தம் நாட்டை மற்றவர் தவறாகக் காட்டுகிறார்களே என்று குறை சொல்லிக்கொண்டிராமல், தாமே எடுத்துக் காட்டிய ஒரு மனிதரை நீங்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்று விரும்பினேன். பெற்றோர்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் எங்கள் தம்பியைப் போல ஒரு பிள்ளை இருக்கலாம். காது மங்கிப்போன ஒரு மூத்தவர் இருக்கலாம். நாம் சிரிக்கும்போது அவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று ஒரு தடவை கவனியுங்கள்.

கல்லூரிக்குத் திரும்பும் நாளன்று தம்பி என்னிடம் இன்னொரு படம் கேட்டான். அடுத்த விடுமுறைக்கு ‘பகடை வீச்சு’ கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறேன். அதே மனிதர் அதில் கெட்டவராக வருவார் என்று முன்கூட்டியே சொல்லவில்லை. அதை அவனே எனக்குச் சொல்லட்டும்.